மயிலுக்கு வரி கேட்ட மனுக்காரர்

தமிழ்நாட்டிலேயே மயிலுக்கு வீட்டு வரி போடச் சொல்லி மனு கொடுத்தவர் எங்கள் மனுக்காரர் ஒருவர்தான். குன்னம் பக்கத்தில் ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். திங்கள்கிழமைதோறும் நாங்கள் பூட்டைத் திறக்கும் முன்பே அவர் வாசலில் நிற்பார். ஊருக்கே அவர் மனுக்காரர்தான்; சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

“என் காட்டுல குடியிருக்கு, என் மக்காச்சோளத்தத் திங்குது. வரி மட்டும் நான் கட்டணுமா சார்?”

‘மயில் எங்கள் அதிகார வரம்பில் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். அதை லேமினேட் செய்து வீட்டில் மாட்டிவிட்டார். அடுத்த வாரம் தெருவிளக்கை அணைக்கச் சொல்லி ஒரு மனு. வெளிச்சத்தில் அவருடைய பருத்தி தூங்க மாட்டேன் என்கிறதாம்.

ஆனால் ஒரு மனு மட்டும் விளையாட்டில்லை. ஊரே மக்காச்சோளத்தைத் தார்ச்சாலையில்தான் காயப்போட்டது. அதில் பைக் வழுக்கி அவருடைய மச்சினனுக்குக் கால் ஒடிந்தது. அன்றிலிருந்து, காயவைக்க ஒரு களம் வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். எங்கள் செயல் அலுவலரும் ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

ஒரு அறுவடைக் காலத்தில் மனுவுக்குப் பதிலாக டிராக்டரோடு வந்தார். அலுவலக முற்றத்தின் சிமெண்ட் தரை முழுக்க மக்காச்சோளத்தைக் கொட்டிப் பரப்பினார். செயல் அலுவலர் ஓடிவந்தார்.

“என்னங்க இது? இது ஆபீசுங்க.”

“ரோட்டுல காயப்போடக் கூடாதுன்னு நீங்கதான நோட்டீஸ் ஒட்டுனீங்க. இது ரோடு இல்லீங்களே.”

போலீசைக் கூப்பிட அவர் போனை எடுத்த நேரம், தூறல் விழுந்தது. மனுக்காரர் முகம் வெளுத்துப்போனது. வாய் ஓயாத அந்த மனிதரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

“நாலு மாசப் பாடு சார்” என்றார்.

செயல் அலுவலர் போனைப் பையில் போட்டார். பேண்ட்டை மடித்துவிட்டார். டிராக்டரில் கிடந்த தார்ப்பாயின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் மனுக்காரர். நானும் பில் கலெக்டரும் கையாலேயே கூட்டி அள்ளினோம். மழை வலுப்பதற்குள் அநேகமாக எல்லாம் மூடியாயிற்று. நனைந்தது ஓரத்தில் கொஞ்சம்தான்.

அடுத்த மாதமே களத்துக்கு இடம் அளந்தார்கள். திறப்பு நாளன்று மனுக்காரர் எல்லோருக்கும் முன்னால் வந்து ஒரு தாளை நீட்டினார். களம் கிழக்கே சரிகிறதாம்.

இப்போது நான் திருச்சியில் இருக்கிறேன். இங்கே மனுவெல்லாம் கம்ப்யூட்டரில் வருகிறது. எண் தெரியும், முகம் தெரியாது. திங்கள்கிழமை காலையில் மட்டும் கண் தானாக வாசல் பக்கம் போகும். போன வாரம் அவரே போன் செய்தார். பருத்தி, பன்றி, பக்கத்துக் காட்டுக்காரர் என்று அரை மணி நேரம் போனது. சாப்பாடு ஆறிப்போனது, போனை வைக்க மனம் வரவில்லை.

“எப்பங்க நம்ம ஊருக்கு வரீங்க?” என்றார் கடைசியில்.

என் சொந்த ஊர் வேறு. அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.