ஆணையமும் ஒரு கூடை கூமுட்டையும்

தன்னடக்கத்தைக் கண்ணாரக் காண விரும்புகிறவர்கள், மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுகளை எதிர்த்து வரும் மேல்முறையீடுகளை விசாரிக்கும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 'எங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்பதை அவ்வளவு கம்பீரமாக வேறெங்கும் சொல்ல மாட்டார்கள்.

குஞ்சுப் பண்ணைக்காரர் போனது அதைப் பார்க்க அல்ல. ஓயாமல் மின்சாரம் போய்க்கொண்டிருந்ததால், பொரிப்புப் பெட்டியில் முட்டைகள் இருக்கும்போதே ஆணையத்திடம் முறையிட்டார். ஆணையம் ஆற அமர ஆராய்ந்து, 'அப்பகுதியில் மின்தடையே இல்லை' என்று கண்டுபிடித்தது. அதற்குள் முட்டையெல்லாம் கூமுட்டை. இப்போது பெட்டியில் இருப்பது கடைசி ஈடு. இதுவும் போனால் பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"கூடையில என்ன?" என்றார் நீதிபதி.

"கெட்ட முட்டைங்கய்யா. கரண்ட் போனதுக்கு அத்தாட்சி."

"ஆணையத்துல காட்டினீங்களா?"

"அவங்க விசாரிக்கும்போதுதாங்க கெட்டுச்சு."

"அப்ப இது புதுச் சாட்சியம். மேல்முறையீட்டுல பாக்கக் கூடாது. ஓரமா வையுங்க."

வைத்தார். அந்த நேரம் பார்த்து மின்விசிறி நின்றது, விளக்குகள் அணைந்தன. சன்னல் இல்லாத அறை கும்மிருட்டானது. பண்ணைக்காரர் சந்தோஷத்தில் கத்தினார்.

"ஐயா, பாத்தீங்களா! கரண்ட் போயிடுச்சு!"

"போச்சா இல்லையான்னு சொல்ல நான் என்ன நிபுணனா?" இருட்டிலிருந்து நீதிபதியின் குரல் கனிவாக வந்தது. "அதுக்குத்தான் ஆணையம் இருக்கு. அவங்க முறைப்படி நோட்டீஸ் விட்டாங்களா, கூட்டம் போட்டாங்களா? அதை மட்டும்தான் நாங்க பாப்போம்."

"விட்டோம், போட்டோம்!" என்று துள்ளி எழுந்த ஆணையத்தின் வக்கீல் கூடையில் இடறி விழுந்தார். முட்டைகள் 'டப் டப்' என்று வெடித்தன. குடலைப் புரட்டும் நாற்றம் சபையை நிறைத்தது.

"என்னய்யா இது நாத்தம்?"

"புதுச் சாட்சியங்கய்யா," என்றார் வக்கீல் தரையிலிருந்து. "தாங்கள் கவனத்துல எடுத்துக்கவே கூடாது."

நீதிபதி கைக்குட்டையால் மூக்கை அழுத்திப் பொத்திக்கொண்டு, அதைக் கவனத்தில் எடுத்துக்கொள்ளாமல் இருந்தார். சேவகர் மெழுகுவர்த்தி ஏற்றிவந்து பிடிக்க, அந்த வெளிச்சத்தில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது: 'மின்தடை இல்லை என்ற ஆணையத்தின் முடிவில் தலையிட முகாந்திரம் இல்லை.'

பண்ணைக்காரர் வாசலுக்கு வந்ததும் மனைவியிடமிருந்து போன்.

"ஏங்க, கரண்ட் போய் ரொம்ப நேரமாச்சு. பெட்டி சில்லுனு ஆயிடுச்சு. எல்லாமே போச்சுங்க." அவள் குரல் உடைந்தது. "கோர்ட்டுல என்ன சொன்னாங்க?"

"கரண்ட் போகலையாம்."

"அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"நல்லாத் தெரியும். மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் தீர்ப்பு வாசிச்சாங்க."