முதுகு காட்டாத நண்டு டீச்சர்

கரடிக்குப் பயப்படாத ஆள் எங்கள் மலையில் கிடையாது. ஆனால் கரடியைவிட மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதிகமாகப் பயந்த ஆள், நீலகிரி முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். அவர் அந்த மூன்றாம் வகுப்புக்கே டீச்சராகப் பழக வந்தார் என்பதுதான் கொடுமை.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளைகள் வைத்த பெயர் நண்டு டீச்சர். ஏன் நண்டு என்பதற்கு வருகிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

அரவேணுவுக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழித்துணையாகப் போவது என் வேலை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. காட்டுமாடு நிற்கும். சத்துணவு எண்ணெய் வாசனைக்குக் கரடி வரும். ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே நான் முன்னால் போக, பிள்ளைகள் பின்னால் வருவார்கள். மற்றவர்கள் கரடியைப் பார்த்தால்தான் கரடி என்பார்கள். எனக்கு ஒவ்வொரு பாறையும் கரடி. இவ்வளவு பயந்தவன் அசட்டையாக இருக்க மாட்டான் என்றுதான் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள்.

ஆசிரியர் பயிற்சி படிப்பவர்கள் சில மாதம் ஏதாவது ஒரு பள்ளியில், அங்குள்ள டீச்சருக்குக் கூடமாட இருந்து பாடம் நடத்திப் பழக வேண்டும். முடிவில் வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து, வகுப்பின் பின்னால் உட்கார்ந்து மார்க் போடுவார். நண்டு டீச்சர் காந்தலிலிருந்து வந்தவர். முந்தைய முறை அப்படி வந்த அதிகாரி முன்னால் பாதிப் பாடத்தில் வகுப்பை விட்டு வெளியே நடந்து போய்த் தோற்றிருக்கிறார். இந்த முறையும் தோற்றால் திருப்பூரில் பனியன் கம்பெனிதான் என்று வீட்டில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

முதல் நாள் பஸ் ஸ்டாப்பிலிருந்து அவரையும் சேர்த்துக் கூட்டிப் போனபோது, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"காட்டுமாட்டப் பாத்தா முதுகு காட்டக் கூடாதுங்க. ஓடக் கூடாது. கண்ணுக்குக் கண்ணு பாக்கக் கூடாது. நண்டாட்டம் பக்கவாட்டுல மெதுவா நகந்துரோணும்."

"கூட்டமா இருந்தா, அண்ணா?"

"தனியா இருக்கறதவிடக் கூட்டம் பரவால்லீங்க. ஆனா தப்பிக்க ஒரு வழி பாத்து வெச்சுக்கோணும்."

இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். நான் பேசுவதை ஒருவர் இவ்வளவு கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் அதை வகுப்பறைக்கு எடுத்துக்கொண்டு போவார் என்று நான் கண்டேனா?

பிள்ளைகளுக்கு அவர் முதுகு காட்டவே இல்லை. போர்டில் எழுத வேண்டுமா, வகுப்பைப் பார்த்தபடியே நின்று, கையைப் பின்னால் வளைத்து எழுதுவார். எழுத்துகள் கொண்டை ஊசி வளைவு மாதிரி ஏறி இறங்கும். கதவிலிருந்து ஜன்னல் வரை சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டிலேயே நகர்வார். யாராவது எழுந்தால் தரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றுவிடுவார். பிரதீப் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்டால், மேஜைக்குப் பின்னால் ஒதுங்கி அவனுக்கு நடைபாதை முழுவதையும் விட்டுக்கொடுப்பார்.

பெரிய டீச்சர் என்று நாங்கள் சொல்லும் தலைமை ஆசிரியைக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, செவுத்துல பல்லியாட்டம் ஒட்டிட்டு நிக்கற? ரெண்டடி முன்னால வந்தா என்ன?"

"அவுங்க நெறையப் பேர் இருக்காங்க டீச்சர்."

"பின்ன ஒத்தப் புள்ளைய வெச்சா பள்ளிக்கூடம் நடத்துவாங்க?"

ஒரு சாயங்காலம் பாதையில் நிஜமாகவே கரடி. திருப்பத்தில் எழுந்து நின்றது. என் கையிலிருந்து டப்பா விழுந்து உருண்டு, நேராகக் கரடி பக்கமே போனது. நண்டு டீச்சர்தான் அடங்கிய குரலில், "போயிரு சாமி, நாங்களும் போறோம்" என்று பேசிக்கொண்டே இருந்தார். கரடி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சோலைக்குள் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் பார்த்தால் டீச்சருக்கு உடம்பெல்லாம் நடுக்கம்.

"போயிருச்சுங்களே, இன்னும் எதுக்குங்க நடுங்கறீங்க?" என்றேன்.

"கரடி ஒண்ணுதானேண்ணா" என்றார். "இவுங்க நாலு பேரு என் சேலையப் புடிச்சிட்டிருக்காங்க. விடச் சொல்லுங்க."

தேர்வு நாள் வந்தது. பாதையில் அவர் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, இன்னைக்குத் திரும்பி நின்னு எழுதலீன்னா பெயிலுன்னு பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க. நீங்க ஜன்னல்கிட்ட நில்லுங்க. நான் திரும்புறப்ப யாராச்சும் எந்திரிச்சா இருமுங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். அதிகாரி ஸ்வெட்டர் போட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஜன்னலில் என் தலையைப் பார்த்தார். எனக்குப் பயத்தில் தானாகவே இருமல் வந்துவிட்டது.

"ஏனுங்க, யாரு நீங்க? எதுக்கு வெளிய நிக்கறீங்க? உள்ள வந்து உக்காருங்க."

முழங்கால் தாடையில் இடிக்க, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விட்டதே கேள்வி கேட்பார்கள் என்ற பயத்தில்தான்.

பாடம், உயிருள்ளவை உயிரற்றவை. டீச்சர் கேட்டார்: "கல்லுக்கு உயிர் இருக்கா?" புது ஆளைப் பார்த்த பிள்ளைகள் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள். "தேயிலைச் செடிக்கு?" அதற்கும் அதே மூடிய வாய்தான். அதிகாரி பேனாவைத் திறந்தார். நண்டு டீச்சர் சுவரோடு ஒட்டிக் கதவுப் பக்கம் நகர ஆரம்பித்தார். போன தடவையும் இப்படித்தான் வெளியே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வாசலுக்கு ஓரடி இருக்கும்போது அவர் பார்வை என் மேல் விழுந்தது. அந்த அறையில் அவர் பயப்படாத முகம் என்னுடையது ஒன்றுதான்.

"அண்ணா, நீங்க சொல்லுங்க. தேயிலைச் செடிக்கு உயிர் இருக்கா?"

எழுந்தேன். "இல்லீங்க டீச்சர்."

"ஏன்?"

"வெச்ச எடத்துலயே நிக்குதுங்களே."

முன் பெஞ்சிலிருந்த சரண்யா களுக்கென்று சிரித்தாள்.

"ஐயோ மாமா, எங்கம்மா இலை கிள்ளக் கிள்ள மறுபடி வருதில்ல?"

"கவாத்து வெட்டி மொட்டையா உட்டாக்கூடத் துளிர் உடுது மாமா" என்றான் பிரதீப்.

"கல்ல வெட்டி உடுங்க மாமா, துளிர் வருதான்னு பாக்கலாம்." இது இன்னொருத்தி.

எல்லாரும் ஒரே நேரத்தில் எனக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்தார்கள். "இருங்க, இருங்க, ஒவ்வொருத்தரா" என்றார் டீச்சர். "துளிர் விடும், சரி. வேற?" கேட்டுக்கொண்டே திரும்பினார். முழு முதுகும் வகுப்புக்கு. போர்டில் "வளரும்" என்று நேராக எழுதினார். பிரதீப் பெஞ்ச் மேலேயே ஏறி நின்றான். ஒப்பந்தப்படி நான் இருமியிருக்க வேண்டும். கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

போகும்போது அதிகாரி என்னைக் காட்டி, "இவுருக்கு மட்டும் இன்னொருக்கா நடத்துங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நண்டு டீச்சர் பாஸ். நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக் காப்பாற்றினேன் என்று பெரிய டீச்சர் இன்றுவரை என்னைப் புகழ்கிறார். நானும் மறுத்ததில்லை. எனக்கு நிஜமாகவே தெரியாது.

இப்போது அவர் இத்தலார் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் தற்காலிக டீச்சர். அங்கே மத்தியானமே பனி இறங்கிவிடுமாம், நாலடி முன்னால் நிற்பது மாடா புதரா என்று தெரியாதாம். எங்கள் பாதைக்குப் பயப்படுவது போதாதென்று, நான் கண்ணால் பார்த்தே இராத இத்தலார் பாதைக்கும் சேர்த்துத் தினமும் பயப்படுகிறேன்.