எச்சில் மேடமும் ரிப்போர்ட் இல்லாத டெஸ்ட்டும்

விருத்தாசலத்தில் மனித எச்சிலுக்கு மரியாதை கொடுத்த ஒரே ஜீவன் எச்சில் மேடம்தான். பஸ் ஸ்டாண்டு சுவர், ரயில்வே கேட், சொந்த வாசல் என்று பாரபட்சமில்லாமல் நாங்களெல்லாம் துப்பிக்கொண்டு திரிய, அதை ஒரு குழாயில் வாங்கி, மூடி திருகி, கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு போனவர் அவர்.

எங்கள் மாடியில்தான் குடியிருந்தார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் வீடுகளுக்குப் போய், அந்தக் குழந்தை, அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லோருடைய எச்சிலையும் சேகரித்து, ஜீன் ஆராய்ச்சிக்கு அனுப்புவது வேலை. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. தெரு அதைத் தொட்டதே இல்லை.

மொபெட்டின் பின்னால் வெள்ளைத் தெர்மக்கோல் பெட்டி. கம்மாபுரம் பக்கம் போனால் பிள்ளைகள் ஐஸ் வண்டி என்று துரத்துவார்கள். மேடம் நிறுத்தி, பெட்டியைத் திறந்தே காட்டுவார். "ஐஸு இல்ல தங்கம், எச்சி." வந்ததைவிட வேகமாகப் பிள்ளைகள் திரும்பி ஓடுவார்கள்.

கேட்காமலே துப்புகிறவனுக்குக் கேட்டால் வராது என்பது அவர் வந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. பெண்ணாடத்துக் கரும்பு விவசாயி ஒருவர் வாய் நிறைய வெற்றிலையோடு வந்தார். "துப்பிட்டு, வாயக் கொப்புளிச்சிட்டு வாங்கய்யா" என்றார் மேடம். போய்விட்டு வந்தவர் கையை விரித்தார். "இருந்தது அவ்ளோதாங்க. வெளிய போயிடுச்சு." சேத்தியாத்தோப்பிலிருந்து இன்னொருவர், மனைவி நடவுக்குப் போயிருக்கிறாள் என்று, அவள் பங்கை ஊறுகாய் டப்பாவில் பிடித்து பஸ்ஸில் கொண்டுவந்தார். மேடம் டப்பாவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், "எலுமிச்சையா, மாங்காயா?" என்று மட்டும் கேட்டார்.

மேடத்திடம் ஒரு வியாதி இருந்தது. எந்தக் கேள்விக்கும் நேர்ப்பதில் வராது. டீ மாஸ்டர் "சர்க்கர போடவா?" என்றால், "எப்போ? எங்க? எவ்ளோ?" என்பார். மழை வருமா மேடம்? எப்போ, எங்க, எவ்ளோ. மாஸ்டர் ஒருநாள் பொறுக்கமுடியாமல், "இப்போ, இந்த கிளாஸ்ல, ஒரு ஸ்பூனு மேடம்!" என்று கத்தியேவிட்டார். மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இவ்ளோதாங்க எங்க ஆராய்ச்சியும். ஜீன் இருக்குதாங்கறது பாதிக் கேள்வி. அது எப்போ, எங்க, எவ்ளோ வேல செய்யுதுங்கறதுதான் மீதி."

அப்புறம்தான் லூர்து அக்கா வீட்டு விவகாரம் வந்தது.

லூர்து அக்கா எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருப்பவர். அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். சூளை திறந்து பொம்மை விரிசல் விட்டிருந்தால், மண் குழைத்தவர்கள் ஒரு பக்கம், நெருப்பு பார்த்தவர்கள் ஒரு பக்கம் நின்றுகொண்டு, குற்றம் எந்தப் பக்கம் என்று தீர்ப்பாகும்வரை சண்டை போடுவார்கள். தோற்ற பக்கம் அன்றைக்குச் சூளைப் பக்கமே வரக்கூடாது.

அக்காவின் பேத்தி யாழினிக்கு ஆட்டிசம். பேச்சு வரவில்லை. பட்டறையில் பொம்மைகளை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொன்றின் காதிலும் ஏதோ முனகிக்கொண்டிருப்பாள். எச்சில் டெஸ்ட் என்றதும் அக்கா பட்டறை வழக்கத்தையே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, பட்டறையிலேயே பிள்ளை வீட்டார் இந்தப் பக்கம், மருமகள் அமலாவின் வீட்டார் அந்தப் பக்கம். நடுவில் பெட்டியோடு மேடம். சும்மா நின்ற என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"எந்தப் பக்கத்துக் கொறன்னு எழுதிக் குடுத்துடுங்க மேடம்" என்றார் அக்கா. "இவ பக்கம்னா, அவங்க அப்பா இங்கதான் நிக்கறாரு. கையோட கூட்டிக்கினு போவட்டும்."

அமலா குழந்தையின் முடியைக் கோதிக்கொண்டே இருந்தாள். கோதி முடித்த முடியையே மறுபடியும் கோதினாள்.

"இது ஆராய்ச்சிக்கா. ரிப்போர்ட்டு கெடையாது" என்றார் மேடம்.

இரண்டு பக்கமும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து கொதித்தது. ரிப்போர்ட் இல்லாத டெஸ்ட்டா!

"அக்கா, ஒரே மண்ணு, ஒரே அச்சு. நெருப்ப எப்படி வெப்பீங்க?" என்று மேடம் சூளையைக் காட்டினார்.

"மொதல்ல மெதுவா. அப்புறம் ஏத்தணும். எப்போ அடக்கணும்னு ஒரு கணக்கு இருக்குது."

"உடம்புலயும் எல்லா எடத்துலயும் ஒரே ஜீனுங்கதான். எத எப்போ ஏத்தணும், எப்போ அடக்கணும்னு பாக்கறதுக்குன்னே சில ஜீனுங்க இருக்குது. ஆட்டிசத்த ஆராஞ்சா அந்த மாதிரி ஜீனுங்கதான் நெறைய எங்க கையில மாட்டுது. வயித்துல மூளை வளர்ற நேரத்துல—"

"அப்போ எம் பேத்தி விரிசல் வுட்ட பொம்மையா?"

மேடம் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்லக்கா. நான் சொன்ன உதாரணம்தான் விரிசல் வுட்டுடுச்சு. பாப்பா பொம்ம இல்ல. அத வாபஸ் வாங்கிக்கறேன்." பட்டறையில் சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சேந்து இருக்கலாம். ரெண்டு பக்கமும் இல்லாம பாப்பாகிட்டயே புதுசா வந்ததாவும் இருக்கலாம். எங்களுக்கே முழுசா தெரியாது."

"இவ கிரகணத்துல வெளிய வந்தா. வயித்துப் புள்ளையோட ராவும் பகலும் செல்போனு. ஒரு வார்த்த சொல்லுங்க. இவ தப்பா, இல்லையா?"

எப்போ, எங்க, எவ்ளோ என்று கேட்கப்போகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். யாழினி எப்போதும்போல ஒரு பொம்மையின் காதில் முனகிக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றார் மேடம்.

அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து ஒற்றை வார்த்தையில் பதில் வந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அக்கா சூளைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "குடுங்க அந்தக் கொழாய." வாங்கினாரே தவிர, ஊரையே வாயால் நனைக்கும் அக்காவுக்கு அன்று நாக்கு வறண்டுவிட்டது. துப்பிப் பார்க்கிறார், காற்றுதான் வருகிறது. அமலாதான் மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"அத்த, புளியங்கா நெனச்சுக்கோங்க. உப்பு தொட்டு."

குழாய் நிரம்பியது. அமலாவின் அப்பா மகளைக் கூட்டிக்கொள்ளாமல்தான் ஊருக்கு பஸ் ஏறினார்.

வேலை முடிந்து மேடம் ஊர்மாறிப் போய்விட்டார். போன வாரம் டீக்கடையில் மாஸ்டர் "சர்க்கர போடவா?" என்றார். "எப்போ? எங்க? எவ்ளோ?" என்று என் வாயில் வந்துவிட்டது. மாஸ்டர் கோபப்படவில்லை. தெருக்கோடியில் ஏதோ மொபெட் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். ஐஸ் வண்டிதான்.