நின்றால் எண்பத்தேழு

"ஜூலை 10, வெள்ளி. நேற்று ஒரு சிறு தவறு. அப்பாவின் ஆக்சிஜன் அளவை நின்றால் 87, படுத்தால் 95 என்று மாற்றி எழுதிவிட்டேன். இன்று திருத்திவிட்டேன்."

மதுமதி நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். மூச்சுத் திணறுகிறவரை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும் என்பது லேப் டெக்னீஷியன் மாலை வகுப்பில் படித்த பாடம். படுத்தால் எப்படிக் கூடும்? விரலில் மாட்டி அளக்கும் கருவியை அவள் சந்தேகிக்கவில்லை. தன் கையைத்தான் சந்தேகித்தாள்.

அப்பா சண்முகசுந்தரத்துக்கு தி.நகர் துணிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. ஈரல் கெட்டு இரண்டு வருஷம். இப்போது புதுப் புகார்: நின்றால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் சரியாகிவிடுகிறது.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. யாருகிட்ட போய்ச் சொல்ல?" என்றாள் அம்மா மீனாட்சி.

கடை மேனேஜர் ஸ்ரீரங்கன் போனில் மரியாதையாகவே சொன்னார்.

"அண்ணாச்சி, படுத்துக்கிட்டே புடவை காட்டுற கடை தி.நகர்ல இன்னும் வரலை. திங்கட்கிழமை வந்து நில்லுங்க. இல்லைன்னா வேற ஆளு போட்டுக்கறேன்."

வேலை போய்விடுமே! மதுமதி திட்டம் போட்டாள். பகலில் படுக்கை கிடையாது. நாற்காலியில் உட்காரவைத்தாள்; உதடு வெளிறியது. பழக்கம் போதவில்லை என்று அரைமணி நிற்கவைத்தாள்; விரல்நுனி நீலம் பாரித்தது.

குடலைச் சுத்தம் செய்ய ஈரல் டாக்டர் தந்த சிரப்பை அம்மா நிறுத்தினாள். "மூச்சு வாங்குறவருக்கு எதுக்குடி பேதி மருந்து?"

"மீனாட்சி, ஒரு நிமிஷம் சாஞ்சுக்கறேனே..."

"நடிப்புக்கெல்லாம் கடையில சம்பளம் தரமாட்டாங்க. நில்லுங்க."

ஞாயிறு காலை பூங்காவில் நடைப்பயிற்சி. இரண்டாவது சுற்றில் அவர் புல்தரையில் விழுந்தார். விழுந்த கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது.

"பார்த்தியா!" என்றாள் அம்மா, கையும் களவுமாகப் பிடித்துவிட்டவள்போல.

எதற்கும் காட்டிவிடலாம் என்று கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜெனிதா அளந்தாள். நின்றால் 83. படுத்தால் 94.

"உங்க மெஷின் மாத்திக் காட்டுது, சிஸ்டர்," என்றாள் மதுமதி, நோட்டை நீட்டி.

"மெஷின் சரியாத்தான்மா கீது. குடல்ல வர்ற நஞ்சை ஈரல் வடிகட்டணும். அது கெட்டுப்போனா, நஞ்சு நுரையீரலுக்கே போயி ரத்தக்குழாயை விரிச்சுடும். நின்னா ரத்தம் அடிப்பக்கமா இறங்கி, காத்தை வாங்காமலே ஓடிப்பூடும்."

"அப்போ இத்தனை நாளா இவரு படுத்துக்கிட்டது?" என்றாள் அம்மா.

ஜெனிதா தலையணையைத் தட்டிப் போட்டாள்.

"வீட்டுல அவருக்கு நடந்த ஒரே வைத்தியம் அதாம்மா. அதையும் நீங்க நிறுத்திட்டீங்க."

அன்று மாலை மதுமதி எழுதினாள்: "நாளைய வேலை: டாக்டர் சீட்டோடு ஸ்ரீரங்கன் சாரைப் பார்ப்பது. அப்பாவுக்கு விடுப்பு கேட்பது. காரணம்: நிற்பது."