பாட்டே போடாத ‘உஷ்’ அண்ணாத்தே

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும், ஒரு பாட்டுகூடப் போடாமல் ஆம்ப்ளிஃபயரைச் சோதித்துப் பார்க்கும் ஒரே மனிதர் ‘உஷ்’ அண்ணாத்தேதான். இன்னொருவர் இருப்பதாக யாராவது சத்தியம் செய்தாலும் நான் நம்பமாட்டேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டி ஓய்ந்த பிறகு, வீடு வீடாகப் போய் ப்ரீஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் ஜோடி சேர்த்து வைப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். பாட்டை வாங்கி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி ப்ரீஆம்ப். அதை வாங்கி ஸ்பீக்கரை ஓட்டுகிற முரட்டுப் பெட்டி பவர் ஆம்ப். வாசலில் நுழைந்ததுமே உதட்டில் விரலை வைத்து “உஷ்!” என்பார். வீட்டுக்காரரே வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கள்ளிக்குப்பத்தில் ஒரு வீட்டில், பெட்டியின் உறுமல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்தினார். பக்கத்து வீட்டு மிக்ஸியையும் நிறுத்தச் சொல்லிச் சண்டைக்குப் போனார். ஒருவழியாக உறுமல் அடங்கியது. ஜெயித்த குஷியில் ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மறுநாள் பார்த்தால் தோசை மாவு பொங்கி, ஃப்ரிட்ஜ் கதவுக்கு வெளியே வந்து நிற்கிறது! கேட்கப் போனவர்களிடம், “மாவு போனா ஆட்டிக்கலாம் நைனா. உறுமல் போச்சா இல்லியா, அத்தச் சொல்லு” என்றார்.

இப்பேர்ப்பட்டவரை நான் கூப்பிடக் காரணம் என் மனைவி சுதா. இணையத்தில் ஆளாளுக்குப் புகழ்ந்ததை நம்பி, ப்ரீஆம்ப்பை ஓரிடத்திலும் பவர் ஆம்ப்பை வேறிடத்திலும் வாங்கி, எங்கள் அயனம்பாக்கம் ஃப்ளாட்டில் இறக்கியிருந்தேன். வால்யூம் குமிழைத் தொட்டால் ஜன்னல் அதிர்ந்தது. தொடாவிட்டால் சும்மாவே ‘உஸ்ஸ்’ என்று இரைந்தது.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள இது அடங்கணும். இல்லேன்னா சேக்காட்டுக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடும்” என்று சுதா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மச்சான் அலமாரியைக் காலி செய்து போட்டோவே அனுப்பிவிட்டார்.

ஞாயிறு காலை அண்ணாத்தே வந்தார். இரண்டு பெட்டிகளையும் தட்டிப் பார்த்தார்.

“இவனும் கத்துறவன், அவனும் கத்துறவன். ரெண்டு பேரையும் ஒரே ஊட்ல வெச்சா இன்னாம்மா ஆவும்?” என்றார் சுதாவிடம்.

சுதா திரும்பி என்னைப் பார்த்தாள்.

இரண்டையும் இணைக்கிற ஒயரின் முனையைப் பிரித்து, அரிசி அளவில் இரண்டு ரெசிஸ்டர்களை உள்ளே வைத்துப் பற்றவைத்தார். “முன்னாடி கீறவன் போடுற கூச்சல்ல பாதி இங்கியே நின்னுடும். பின்னாடி கீறவன் நிம்மதியா வேலை பாப்பான்.”

பிறகு ஃபேனை நிறுத்தினார். குமிழைக் கடைசிவரை திருப்பினார். பாட்டு மட்டும் போடவில்லை.

“ஸ்பீக்கராண்ட காத வெய்ம்மா. இன்னா கேக்குது?”

சுதா காதை வைத்தாள். “ஒண்ணுமே கேக்கலண்ணே.”

“அதாம்மா மேட்டரு!” என்று தொடையைத் தட்டினார். எனக்கு உயிர் வந்தது. பெட்டி பிழைத்தது.

எல்லா வீட்டிலும் இப்படித்தான். காது வைப்பது வீட்டுக்காரர்கள் மட்டுமே. அது அவருடைய பந்தா என்றுதான் நான் நினைத்திருந்தேன். சுதாதான் கேட்டாள்: “நீங்க கேட்டே பாக்கலியே?”

“நான் கேட்டு இன்னா ஆவப்போவுது? மிஷினாண்டயே நின்ன காதும்மா. உள்ளார ‘உஸ்’ஸுன்னு எப்பவும் ஓடிகினே கீது. அது நிக்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஒண்ணுமே கேக்கலன்னு சொல்லசொல்ல உங்க மூஞ்சி ஒரு மாதிரி அமைதியாவுது பாரு... அத்தப் பாக்கத்தான் ஊடு ஊடாப் போறேன்” என்று சிரித்தார்.

அதிலிருந்து இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கும் வருவார். டீக்கு முன்னால் ஃபேன் நிற்கும். சுதா ஸ்பீக்கரில் காதை வைப்பாள். போன வாரமும் வந்தார். சில நாட்களாகப் பெட்டி பழையபடி இரைய ஆரம்பித்திருந்தது. எனக்கு மச்சானின் காலி அலமாரி ஞாபகம் வந்தது.

சுதா காதை வைத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தாள். “ஒண்ணுமே கேக்கலண்ணே” என்றாள். அண்ணாத்தேயின் முகம் அப்படியே மலர்ந்தது.

அவர் போனதும், “நல்லா இரையுதே சுதா?” என்றேன்.

“இரைஞ்சா இரையட்டும்” என்றாள்.