குறிஞ்சிப்பிட்டிக்குப் போன கேக்

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முதல் நாள் எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டு. கேக்கைச் சுட்டு வீட்டுக்குக் கொண்டு வாறது.

நான் யாழ்ப்பாணத்தில பிறந்து நோர்வேயில வளந்தவள். என்ர மனுசன் போதகர். நாட்டில சண்டை முடிஞ்சு கொஞ்ச வருசத்தில, ஊழியத்துக்கு எண்டு சபை எங்களைக் கற்பிட்டிப் பக்கம் அனுப்பினது. இஞ்ச அதுதான் எங்களுக்கு முதல் நத்தார்.

பிள்ளையள் ரெண்டும் மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரிஞ்சுதுகள். "பனியும் இல்லை, ஒருத்தரும் இல்லை. இது என்ன நத்தார்?"

"கேக் இருக்கும்!" எண்டு வாய் விட்டுட்டன்.

ஒஸ்லோவில இருந்து, கேக் செய்முறை தந்த அம்மா வேற. "ஏழு மணிக்கு வீடியோவில வருவன். கேக் வெட்டேக்க நான் பாக்கவேணும்."

எங்கட வீட்டில கேக் சுடுற போறணை இல்லை. நிசார் நானாட பேக்கரியில இருக்கு. காலமை பாண் சுட்ட பிறகு அந்தச் சூட்டில வைச்சுத் தாறன் எண்டவர். கலவையைத் தூக்கிக்கொண்டு போனன்.

"பிரண்டி கிண்டி ஊத்தினதா மிஸ்?"

"ஐயோ இல்லை நானா. முந்திரிகைப் பழச் சாறுதான்."

"அப்ப வைங்க. தட்டுல பேர் எழுதி ஒட்டவா?"

"என்னத்துக்கு? இவ்வளவு கறுப்பா உங்கட கடையில வேற என்ன இருக்கு?"

பெரிய பகிடி விட்ட மாதிரிச் சிரிச்சுப்போட்டு வந்தன்.

ரெண்டு மணிக்கு வரச் சொன்னவர். ஒண்டரைக்கு, ஒரு பத்து நிமிசம் சரிவம் எண்டு படுத்தன். முழிக்கேக்க நாலு மணி!

ஓடிப் போனால் பேக்கரித் தட்டெல்லாம் காலி. நானாட முகம் சரியில்லை.

"மிஸ்... நான் அஸர் தொழப் போன நேரம், ஓட்டோக்காரர் எல்லாத் தட்டையும் ஏத்திட்டுப் போயிட்டார்."

பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாப் பாண் விக்கிற ஓட்டோ. உங்களுக்குத் தெரியும்.

"என்ர கேக்கையுமா?"

"அதையுந்தான். போன் அடிச்சா எடுக்கிறார் இல்ல, பாட்டுச் சத்தத்துல கேக்காது. குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் போங்க. பாட்டு கேக்கும், புடிச்சிடலாம்."

ஸ்கூட்டியை முறுக்கினன்.

பாட்டுக் கேட்டுது! துரத்திப் போய், முந்தி, குறுக்கால விட்டு மறிச்சன்.

"கேக்கைத் தாங்கோ!"

அந்த மனுசன் பயந்துபோனார். "கேக் இல்ல. பணிஸ்தான் இருக்கு."

அது வேற பேக்கரி ஓட்டோ! எல்லா ஓட்டோவும் ஒரே பாட்டு எண்டு எனக்கு ஆர் சொன்னது? வெக்கத்தில முதலை மாதிரிச் செய்த ரெண்டு கிம்புலா பணிஸ் வாங்கினன்.

பிறகும் பாட்டுக் கேட்டுது. குறுக்கு ஒழுங்கையால விட்டால் ஸ்கூட்டி மணலில புதைஞ்சுது. நான் தள்ளுறதை ஒரு கழுதை நிண்டு வடிவாப் பாத்தது.

கடைசியில சரியான ஓட்டோவைப் பிடிச்சன்.

"கறுத்த கேக்கா? கருகிப் போச்சோன்னுதான் முதல்ல நெனச்சேன் மிஸ். அப்புறம் பாத்தா என்னா மணம்! பர்ஹானா வீட்டுல தட்டோட எடுத்துட்டாங்க."

அப்பாடா! பர்ஹானா என்ர இங்கிலீஸ் வகுப்புப் பிள்ளை. சொன்னால் தந்திடுவினம்.

வீட்டு வாசலில ஒரு வான். படியில இருபது சோடி செருப்பு. அப்பவே திரும்பியிருக்கவேணும். எனக்கு எங்க அந்த மூளை?

உள்ளுக்குப் போனால் கூடம் நிறைய முன்பின் தெரியாத பெண்டுகள். நடு மேசையில என்ர கேக், துண்டு துண்டா!

பர்ஹானாட உம்மா ஓடி வந்து என்ர மணிக்கட்டைப் பிடிச்சா. "வாங்க மிஸ்! மகளப் பாக்க மாப்பிள்ள வீட்டால வந்திருக்காங்க."

மாப்பிள்ளைட உம்மா சிரிச்சுக்கொண்டு ஒரு தட்டை நீட்டினா. "சாப்பிட்டுப் பாருங்க மிஸ். எங்கட மருமகள் தன்ட கையால செஞ்சது. மாஷா அல்லாஹ்!"

நான் பர்ஹானாவைப் பாத்தன். பர்ஹானா நிலத்தைப் பாத்தாள். உம்மாட பிடியில என்ர கை மரத்துப் போச்சு.

இருந்து என்ர கேக்கை விருந்தாளியாச் சாப்பிட்டன். நல்லாத்தான் இருந்தது. அது இன்னும் கவலை.

"என்னென்ன போட்ட மகள்?" எண்டு அந்த வருங்கால மாமி கேட்டா.

"மா... சீனி... முட்டை..." பர்ஹானா அதோட நிண்டுட்டாள்.

அப்ப இந்தப் போதகற்ற பெண்சாதி வாயைத் திறந்தா. "வெக்கப்படுறா! பூசணி அல்வா, இஞ்சிப் பாகு, கஜு எல்லாம் போட்டனெண்டு சொன்னனீர் எல்லே?"

"ஓம் மிஸ்!"

"மெல்லிய சூட்டில ரெண்டு மணித்தியாலம் வைச்சனீர் எல்லே?"

"ஓம் மிஸ்!"

மாமி என்னைப் பாத்தா. "மிஸ்ஸுக்கு எப்புடி இவ்வளவும் தெரியும்?"

"இங்கிலீஸ் வகுப்பில... சமையல் குறிப்பும் எழுத விடுறனான்."

ஒரு நிமிசத்தில மூண்டு பொய். அதுவும் நத்தாருக்கு முதல் நாள்!

அங்கயே சம்பந்தம் சரி வந்திட்டுது. கடைசித் துண்டை மாமி மாப்பிள்ளைக்கு எண்டு சுத்தி எடுத்துக்கொண்டு போனா.

அடுப்படியில பர்ஹானா என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாள். "முதல்ல நான் பொய் சொல்லல்ல மிஸ். அவங்களே நெனச்சிட்டாங்க. உம்மா இல்லன்னு சொல்லல்ல. எனக்கு அவர புடிச்சிருந்துச்சி..."

இதுக்கு மேல நான் என்னத்தைக் கேக்கிறது? "நல்லா இரும் பிள்ளை" எண்டு வந்திட்டன்.

ஏழு மணிக்கு அம்மா வீடியோவில வந்தா. கிம்புலா பணிஸில மெழுகுதிரி குத்தி வைச்சிருந்தன்.

"என்ன பிள்ளை, கேக்குக்கு வால் முளைச்சிருக்கு?"

சின்னவன் விழுந்து விழுந்து சிரிச்சு வாலைக் கடிச்சான். பெரியவள் தலையைக் கடிச்சாள். அதுதான் தங்கட வாழ்க்கையிலயே திறமான நத்தாராம்.

நடந்ததைச் சொன்னன். அம்மா ஏசப்போறா எண்டு பாத்தால், "அப்ப என்ர செய்முறையில ஒரு கலியாணமே சரி வந்திருக்கு!" எண்டு ஒஸ்லோ முழுக்கப் பறைஞ்சுபோட்டா.

அந்த ஞாயிறு மனுசன் 'பொய் பேசாதிருங்கள்' எண்டு பிரசங்கம் வைச்சார். தற்செயலாத்தானாம்.

நான் தலையிடி எண்டு சொல்லி வீட்டில நிண்டுட்டன்.

தலையிடி ஒண்டும் இருக்கேல்லை.