பெரிய வெள்ளியன்று கழுவாத மிஷின்

புக்கிட் செலம்பாவ்,
25-4-1984

அன்புத் தம்பி ஜெரார்டுக்கு அக்கா அகத்தா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், ஒரு மிஷினைத் தவிர. பெரிய வியாழன் மாலை நம் எஸ்டேட் கோயிலில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் ஒரு பெயர் விட்டுப்போயிற்று என்று வரக்கூடாது. நான், உன் அத்தான் மரியராஜ், உபதேசியார் பரஞ்சோதி, ஏணி பிடிக்க வந்த பக்கத்து வீட்டுப் பிரேமாவதி, ஊதாத் துணி போர்த்தி நின்ற மாதாவும் அந்தோனியாரும். கடைசி இருவர் மீதும் குற்றம் இல்லை.

உன் சீன முதலாளி தவுக்கேயின் ஸ்டோரிலிருந்து அவரைக் கேட்காமல் நீ எடுத்துக் கொடுத்த சுவருக்குச் சாயம் பீச்சும் மிஷினைத்தான் சொல்கிறேன். காற்று இல்லாமல் சாயத்தை மட்டும் அழுத்திப் பீச்சும், நாலு நாள் வேலையை ஒரே நாளில் முடிக்கும் என்றாய். உண்மைதான். நீ தாளில் எழுதிக் கொடுத்த விதிகள் ஒன்பதையும் என் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக வாசித்து வேலை வாங்கினேன். சாயத்தை வடிகட்டு என்று எழுதியிருந்தாய். மெல்லிய துணி வேறு கிடைக்காமல், நான் பூசைக்குப் போடும் பழைய முக்காட்டை வெட்டி வடிகட்டினேன், நாலு வாளியும் பால்போல இறங்கியது. சுவருக்கு ஓரடி தள்ளி நில், கையை வளைக்காமல் நேராக இழு, முதல் கோட்டின் பாதியை அடுத்த கோடு மூட வேண்டும் என்றாய், செய்தோம். பீச்சும் வாய்க்கு முன்னால் விரலை நீட்டாதே, தோலுக்குள்ளேயே சாயம் ஏறிவிடும் என்றாயே, கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் உன் அத்தான் சொன்னபடி கேட்ட ஒரே புத்தி அது. ஜன்னலைச் சாத்தச் சொல்லி மட்டும் நீ எழுதவில்லை. வெளியே நின்ற உபதேசியாரின் கறுப்பு மோட்டார் சைக்கிள் இப்போது புள்ளிக்கோழி மாதிரி இருக்கிறது, அதை அவர் தவக்கால ஒறுத்தலாக ஏற்றுக்கொண்டார்.

கடைசிச் சுவரில் கடைசிக் கோடு விழவும், உபதேசியார் ஆறு மணிக்கு மணி அடித்து அதன் நாக்கைத் துணியால் கட்டவும் சரியாக இருந்தது. உனக்குத் தெரியும், அதற்குமேல் உயிர்ப்பு வரை கோயிலில் மணி கிடையாது, மரத்தட்டைதான். அத்தான் கழுவுவதற்குத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மரியராஜ், ஆண்டவருக்கே மணி அடிக்கக் கூடாத நேரம். மிஷின் மட்டும் கத்தலாமாப்பா?" என்றார் உபதேசியார்.

"அஞ்சு நிமிஷம்தான் உபதேசியாரே."

"யூதாசுக்கும் அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு."

அத்தான் என்னைப் பார்த்தார். ஒன்பதாவது விதி என் மடியிலேயே திறந்து கிடந்தது: 'வேலை முடிந்ததும் தண்ணீரை உள்ளே ஓட்டு, தெளிவாக வரும்வரை ஓட்டு, நாளைக்கு என்று விடாதே.' நான் வாசிக்கவில்லை, தம்பி. புத்தகத்தை மூடிவிட்டு, "உபதேசியார் சொல்றதுதான் சரி" என்றேன். மறுநாள் பிரேமாவதி வந்து, "அக்கா, உங்களுக்குத்தானே பெரிய வெள்ளி, எனக்கு வெறும் வெள்ளிதானே. நான் ஓட்டிக் கழுவிக் குடுக்குறேன் லா" என்று கேட்டாள். உபதேசியார் கொஞ்ச நேரம் யோசித்தார், அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறகு, "கை உன்னோடதும்மா, சத்தம் கோயிலோடது" என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை சுவிட்சைப் போட்டால் மிஷின் முனகுகிறது, தண்ணீரை உறிஞ்ச மாட்டேன் என்கிறது. உள்ளே சாயம் காய்ந்து பூட்டிக்கொண்டது. மூன்று நாளாக ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் நடுவில் ஒன்பதாவது விதி வந்து நிற்கிறது. கோயில் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆண்டவருக்காக என்று மௌனம் காத்தேன், அது உன் வேலைக்கு உலை வைத்துவிடும் போலிருக்கிறது. அவர் கேட்டது இந்த மௌனம்தானா என்று தெரியவில்லை. சனிக்கிழமைக்குள் நீ வந்து திறந்து பார். அதுவரை தவுக்கேயிடம் மூச்சு விடாதே. பொய் சொல்லச் சொல்லவில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதே, அவ்வளவுதான்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். அத்தான் விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

உன் அக்கா,
அகத்தா

பின்குறிப்பு: இதை மடிக்கும்போதே உன் தவுக்கே வந்துவிட்டார். யான் பட்டணத்தில் ஒரு வேலைக்கு மிஷினைத் தேடினாராம், அத்தான் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனதை ஸ்டோரைக் காவல் காக்கும் ஜாகா பார்த்திருக்கிறார். தவுக்கே நேராக மிஷினுக்கு முன்னால் குந்தினார், உறிஞ்சும் வாயில் தின்னர் ஊற்றி ஊறவிட்டார், என் பென்சிலை வாங்கி உள்ளே ஒட்டிக் கிடந்த இரும்புக் குண்டை ஒரு குத்துக் குத்தினார். மிஷின் ஓடுகிறது! "இனி சாட் சியாப்பா தாப்பிஸ்?" என்று கேட்டார். சாயத்தை வடிகட்டியது யார் என்றுதான். நான் என்றேன். கட்டி இல்லாததால் பிழைத்தது என்றார். நான் சுத்தம் பார்த்து உறிஞ்சு குழாயை வெளியே எடுத்துத் துடைத்து வைத்ததுதான் தப்பாம், காற்றுப் பட்ட இடம் மட்டும் காய்ந்திருக்கிறது. மிஷினை நிறுத்திவிட்டு அந்தக் குழாயை ஒரு வாளித் தண்ணீருக்குள் விட்டிருந்தாலே போதுமாம். அதற்குச் சத்தமே வராது, தம்பி.

இப்போது என் வீட்டில்தான் கோப்பி குடிக்கிறார். மிஷின் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று நீ சொன்னாயாமே, எந்தக் கடைக்கு என்று என்னைக் கேட்கிறார். தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நாளை நீ இருக்கும் அலோர் ஸ்டாருக்கு வருகிறாராம், இந்தக் கடிதத்தைத் தானே கொண்டுவந்து தருகிறேன் என்று கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சோற்றுப் பசை போட்டு இரண்டு தடவை ஒட்டியிருக்கிறேன். நீ பிரித்து வாசிக்கும்போது அவர் எதிரிலேயே நிற்பார். உண்மையைச் சொல்லிவிடு. அவர் என்ன சொன்னார் என்று சீக்கிரம் பதில் எழுது.